இறக்கை ட்ரோனா, விசிறி ட்ரோனா: 30 ஏக்கர் இறால் பண்ணைக்கு எது போதும்?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே கடலை ஒட்டி 30 ஏக்கரில் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். கரை உடைப்பு, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் ஓட்டம், குளத்து நீரின் நிறம், பறவைத் தொல்லை ஆகியவற்றை மேலிருந்து பார்க்க ட்ரோன் வாங்க நினைக்கிறேன். விசிறி ட்ரோன் அரை மணி நேரம்கூடத் தாங்காது என்றும், விமானம் போல இறக்கை உள்ளது அதே பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் என்றும் விற்பவர் சொல்கிறார். இரண்டு கிலோவுக்குள் இருப்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை, 'பேப்பர் வேலை'க்கு மட்டும் தனியாக 15,000 ரூபாய் தர வேண்டும் என்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: இறக்கை ட்ரோனை வாங்க வேண்டாம். பறக்கும் நேரத்தைப் பற்றி விற்பவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நேரம் உங்கள் பண்ணைக்குப் பயன்படாது. அனுமதியைப் பற்றி அவர் சொன்னதோ ஒன்றுக்கொன்று முரணானது. அனுமதியே தேவையில்லை என்றால் 15,000 ரூபாய் எந்தக் காகிதத்துக்கு என்று நீங்கள் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இறக்கை ஏன் பேட்டரியை மிச்சப்படுத்துகிறது என்பதை உங்கள் பண்ணையிலேயே பார்க்கலாம். தண்ணீர் எடுக்கும் வாய்க்காலுக்கு மேலே கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் நின்று சிறகடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். தலை அசையாது, அலகு கீழே பார்த்திருக்கும், இறக்கைகள் மட்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் அது பாய வேண்டும், இல்லையென்றால் கம்பத்துக்குத் திரும்பி உட்கார வேண்டும். அதற்கு மேல் உடல் தாங்காது. விசிறி ட்ரோன் செய்வதும் இதையேதான். முன்னோக்கிப் போகும் வேகத்தின் உதவியே இல்லாமல், தன் முழு எடையையும் காற்றைக் கீழே தள்ளித் தள்ளியே தாங்குகிறது.

மீன் இறங்கு தளத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து அப்படியல்ல. அது முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் அகன்ற இறக்கை நிறையக் காற்றைச் சந்தித்து, மெதுவாகக் கீழே திருப்பிவிடுகிறது. இருமடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் தாங்கும் விசை மாறாது, ஆனால் செலவாகும் ஆற்றல் பாதியாகிவிடும். நன்றாகச் செய்யப்பட்ட சிறிய இறக்கை ட்ரோன், இரண்டு கிலோ எடையைச் சுமந்து பறக்க ஏறத்தாழ 200 கிராம் அளவுக்கு முன்னோக்கி இழுத்தால் போதும். விசிறி ட்ரோன் அந்த இரண்டு கிலோவையும் அப்படியே தூக்கி நிறுத்த வேண்டும். உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமானத் தளத்தின் ஆளில்லா விமானங்கள் பல மணி நேரம் வானில் இருக்கக் காரணமும் இதுதான். அங்கு பயன்படும் ஹெரான் விமானத்தின் உடல் சிறியது, ஆனால் இறக்கை 16 மீட்டருக்கு மேல் நீண்டு ஒடுங்கியிருக்கும். நெடுந்தூரம் கடல் கடக்கும் பறவைகளுக்கும் இறக்கை நீளமாகவும் குறுகலாகவும்தான் அமைகிறது. மரங்களுக்கு இடையில் சட்டென்று எழும்பவும் திரும்பவும் வேண்டிய பறவைகளுக்கு அது குட்டையாகவும் அகலமாகவும் அமைகிறது.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. பறவையின் இறக்கை உடலைத் தாங்குகிறது, முன்னோக்கியும் தள்ளுகிறது. விமானத்தின் இறக்கை தாங்க மட்டுமே செய்யும், தள்ளுவதற்கு எஞ்சினோ விசிறியோ வேண்டும். நம் கடலில் படகுக்கு முன்னால் எழும்பிப் பாயும் பறவைக்கோலா மீன் இதில் விமானத்தின் பக்கம். அதன் துடுப்புகள் விரிந்து நிற்கின்றன, அடிப்பதில்லை. தண்ணீரை விட்டு எழும் முன் வால் கொடுத்த வேகம் தீர்ந்ததும் அது மீண்டும் கடலில் விழுகிறது. இறக்கை ட்ரோனும் அப்படித்தான். வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும். 'கொஞ்சம் நில், இந்தக் குளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று அதனிடம் சொல்ல முடியாது. விடியற்காலையில் இறால் மேலே வந்து மிதக்கும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அப்படி நிற்பதுதானே?

இறங்குவது இன்னும் சிக்கலானது. கொக்கு ஒன்று உங்கள் கரையில் வந்து இறங்குவதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கடைசி நொடியில் உடலை நிமிர்த்தி, இறக்கையை மேல்நோக்கிச் சாய்த்து, வாலை விரித்து, கால்களை முன்னே நீட்டும். அப்போது இறக்கையின் முன்விளிம்பில், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சிறு இறகுக்கொத்து ஒன்று தனியாக எழும்பி நிற்கும். வேகம் மிகக் குறைந்த நிலையிலும் காற்று இறக்கையை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது அந்தக் கொத்துதான். மதுரை விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், இறக்கையின் பின்விளிம்பிலிருந்து பலகைகள் நீண்டு கீழே வளைவதைப் பார்த்திருப்பார்கள். குறைந்த வேகத்திலும் இறக்கை தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்களுக்கு விற்க வரும் தெர்மோகோல் போன்ற நுரை இறக்கையில் இப்படி எதுவும் இருக்காது. அது வயிற்றால் தேய்த்து இறங்கச் சமதளம் வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் அகலக் கரை, ஏரேட்டருக்குப் போகும் மின்கம்பி, எல்லையில் சீமைக்கருவேல முள், அதற்கப்பால் உப்புத் தண்ணீர் என்று இருக்கும் இடத்தில் எங்கே இறக்குவீர்கள்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 ஏக்கர் என்பது ஏறத்தாழ 350 மீட்டர் நீளமும் 350 மீட்டர் அகலமும் உள்ள சதுரம். 30 மீட்டர் இடைவெளியில் கோடு கோடாகப் போனால் பன்னிரண்டு கோடுகள், மொத்தம் 4.2 கிலோமீட்டர். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விசிறி ட்ரோன் இதைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். உங்களிடம் சொன்ன 'அரை மணி நேரம்கூடத் தாங்காத' பேட்டரியே போதும், மிச்சமும் இருக்கும். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் இறக்கை ட்ரோனோ ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் சுமார் 80 மீட்டர் அகலத்தில் வட்டமடித்துத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் பாதி நேரம் அடுத்தவர் பண்ணைக்கு மேலும் கடலுக்கு மேலும் நடக்கும். முந்நூறு, நானூறு ஏக்கர் உப்பளமாக இருந்தால் நானே இறக்கை ட்ரோனை வாங்கச் சொல்வேன்.

காற்றைப் பற்றி எந்த விற்பனையாளரும் பேசுவதில்லை. அவர்கள் சொல்லும் பறக்கும் நேரம் காற்றே அடிக்காத காலைக்கு உரியது. உங்கள் கரையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வினாடிக்கு 10 மீட்டர் கச்சானில் 500 மீட்டர் தூரம் கடல் பக்கம் போன இறக்கை ட்ரோன், போவதற்கு 20 வினாடியும் திரும்பி வருவதற்கு 100 வினாடியும் எடுத்துக்கொள்ளும். காற்று 15 மீட்டரைத் தொட்டால் எதிர்த்துப் பறந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும், அதைத் தாண்டினால் பின்னோக்கிப் போகும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய ட்ரோன் இப்படித்தான் அவர் கண்ணெதிரே கடலுக்குள் போயிற்று. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். இரண்டு கிலோ நுரைக்கு அதைவிடக் குறைந்த காற்றிலேயே அந்தக் கட்டுப்பாடு வேண்டாமா? எந்த ட்ரோன் வாங்கினாலும் முதலில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். திரும்பும்போது காற்று உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

இப்போது அந்த 15,000 ரூபாய்க்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கடலோரத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். 2021 ஆகஸ்ட்டில் வெளியான ட்ரோன் விதிகளும் 2022 பிப்ரவரியில் வந்த திருத்தமும் இரண்டு கிலோ வரை உள்ள ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடுபவருக்கு ஒரு விலக்கு கொடுத்திருக்கின்றன. அந்த விலக்கு, ஓட்டுபவர் வைத்திருக்க வேண்டிய தகுதிச் சான்றுக்கு மட்டுமே. பதிவு எண்ணுக்கு விலக்கு இல்லை, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு விலக்கு இல்லை, வான்வெளிக்கு விலக்கே இல்லை. எடை என்பதும் பேட்டரி, கேமரா எல்லாம் சேர்ந்த மொத்த எடை. கடையில் 1.8 கிலோ என்று நிறுத்துக் காட்டிவிட்டுக் கேமராவைத் தனியாக விற்பார்கள், மாட்டிய பிறகு இரண்டைத் தாண்டிவிடும். உங்கள் தொழிலுக்காக உங்கள் பண்ணைமேல் பறக்கவிடுவது வணிகமா இல்லையா என்று கேட்டால், வம்பில்லாத வழியையே சொல்வேன்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேர்ந்து சான்று வாங்கிவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பக்கத்துப் பண்ணையைப் படம் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கினால் அது வணிகம்தான், அதில் சந்தேகமே இல்லை.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். கடற்படைத் தளமும் கடலோரக் காவல் படையும் இலங்கைக்கு எதிரே உள்ள கடலும் இருக்கும் மாவட்டம் இது. அரசின் இணைய வரைபடத்தில் உங்கள் பண்ணை இருக்கும் இடத்தைத் தொட்டு, நிறத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். விற்பவர் செல்போனில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம்.

பதிவுக் கட்டணம் 100 ரூபாய். நூறு ரூபாய் வேலைக்கு 15,000 ரூபாய் கேட்கும் துணிவு விற்பவருக்கும் தரகருக்கும் எங்கிருந்து வருகிறது? விதிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வந்தன. கடலோர மக்களுக்குப் புரியும்படி தமிழில் ஒரு பக்க விளக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. வான்வெளி பற்றிக் கேட்கப் போன ஒருவரை ஓர் அலுவலகம் இன்னொன்றுக்கும், அது மூன்றாவதற்கும் அனுப்பி, முடிவில் வாசலில் நின்ற தரகரிடமே அவரை ஒப்படைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் எளிதாக்கிய விதியை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அந்த எளிமையின் பலன் முழுவதும் தரகருக்குத்தான் போகிறது.

2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, உதிரிபாகங்களுக்கு இல்லை. எனவே மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு ட்ரோன் எப்படி உள்ளே வந்தது என்று கேளுங்கள். வகைச் சான்று, அதாவது அந்த மாடல் ட்ரோனுக்குத் தரும் தரச் சான்று, இல்லாத ட்ரோனுக்குப் பதிவு எண் கிடைக்காமல் கடைசியில் அலையப்போவது நீங்கள்தான்.

பறவைத் தொல்லைக்கு ட்ரோனைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குளத்தின் நீர்க்காகம் நாளடைவில் அதற்குப் பழகிவிடும். ஆனால் பக்கத்துச் சேற்றுப் பரப்பில் நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் உள்ளான்களும் பூநாரைகளும் ஒவ்வொரு முறையும் கூட்டமாக எழும்பி, சேர்த்து வைத்த கொழுப்பை வீணாக்கும். குளத்தின்மேல் குறுக்குக் கயிறு கட்டுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அதே தொகையை விசிறி ட்ரோனுக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லி, ரசீதில் வகைச் சான்று எண்ணையும் மொத்த எடையையும் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் கரையிலேயே, கச்சான் வீசும் நாளில், மாலை மூன்று மணிக்கு அவரை ஒரு முறை பறக்கவிட்டு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.