புனித வெள்ளியன்று கடைக்கு வரச் சொல்கிறார்கள், போகத்தான் வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாலில் உள்ள துணிக்கடை ஒன்றில் நான்கு வருடமாகக் கேஷியர் வேலை. புனித வெள்ளியன்று கடை திறந்திருக்கும், கட்டாயம் வர வேண்டும், சம்பளம் வழக்கம்போல்தான், பதிலுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் ஆஃப் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். இவரோ வருடா வருடம் அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். "பண்டிகை நாளில் கடை திறக்கச் சட்டம் இடம் தருகிறதா? போகாவிட்டால் வேலை போய்விடுமா? தீபாவளிக்காவது லீவு கேட்க முடியுமா? தெருவில் ஒருவர் 800 ராண்ட் கொடுத்தால் கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? அதே மாலில் சனி, ஞாயிறு மட்டும் வேலை பார்க்கும் என் மகளையும் அன்றைக்குக் கூப்பிடுகிறார்களே, அவளுக்கு என்ன கணக்கு?"

கேஸ் போடுகிறவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே ஆற அமரத் திட்டிக்கொள்ளலாம்.

கடை திறக்கலாமா என்றால், திறக்கலாம். இங்கிலாந்தில் 2004-இல் ஒரு சட்டம் போட்டு, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படி நாடு தழுவிய தடை கிடையாது. திறக்கத்தான் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், மருந்தும் பாலும் ரொட்டியும் விற்கிறவர் திறக்கட்டும், ஜீன்ஸ் வாங்க யாருக்கு அன்றைக்கு அவசரம் என்பேன். ஆனால் கோயிலுக்குக் கிளம்பும் வழியில் கற்பூரமும் தேங்காயும் வாங்க ஏதாவது கடை திறந்திருக்கிறதா என்று நாமும்தானே எட்டிப் பார்க்கிறோம். இன்னொன்று, மாலில் உள்ள சின்னக் கடைக்காரர் பலருக்கு இதில் சுயவிருப்பம் இல்லை. மால் திறந்திருக்கும் நேரமெல்லாம் கடையும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அவர் மேல் அந்த பாரம், அவர் அதை உங்கள் மேல் இறக்குகிறார்.

இனி உங்கள் பங்கு. 1997-ஆம் வருட அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் ஒத்துக்கொண்டால் ஒழிய, பொது விடுமுறை நாளில் வேலைக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. வழக்கமாக நீங்கள் வேலை செய்யும் கிழமையில் அந்த விடுமுறை வந்தால், வீட்டில் இருந்தாலும் அன்றைய கூலி உண்டு. வேலைக்குப் போனால் குறைந்தது இரட்டைக் கூலி. ஒரு பேச்சுக்கு மணிக்கு 40 ராண்ட், எட்டு மணி நேரம் என்றால் சாதாரண நாளில் 320, புனித வெள்ளியில் 640. அது தனியாகக் கெஞ்சி வாங்கும் பணமில்லை, வழக்கமான சம்பள நாளிலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.

சிக்கல் "ஒத்துக்கொண்டால்" என்ற இடத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று கட்டுக் கட்டாகக் காகிதம் நீட்டி, இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து என்று வாங்கியிருப்பார்கள். அதில் "ஞாயிறு, பொது விடுமுறை உட்பட கடையின் தேவைக்கேற்ப வேலை செய்யச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர். அப்போது போகத்தான் வேண்டும், போகாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். இரட்டைக் கூலி மட்டும் அந்த வரியால் போகாது. அந்த வரி இல்லையா, முடியாது என்று சொல்லலாம், அதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் அது நியாயமற்ற பணிநீக்கம். ஆகவே இன்றைக்கே அந்தக் காகிதத்தைத் தேடுங்கள். கையில் இல்லாவிட்டால் நகல் கேளுங்கள், வேலை விவரத்தை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. முடியாது என்பதையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். காலையில் போன் போட்டு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, நூறு இருநூறுக்கு எழுதித் தரும் டாக்டரிடம் சீட்டு வாங்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். லீவு எடுத்ததற்குப் போகாத வேலை பொய்ச் சீட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் மேனேஜர் சொல்லும் "அடுத்த வாரம் ஒரு நாள்". இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் ஏமாறுவது இதில்தான். 1994-ஆம் வருடப் பொது விடுமுறைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: முதலாளியும் தொழிலாளியும் பேசி ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளோடு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டால் புனித வெள்ளி உங்களுக்குச் சாதாரண நாள், 320-தான். பதிலுக்கு வரும் நாள்தான் உங்கள் பொது விடுமுறை, அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு. இருவரும் சேர்ந்து முடிவு செய்வது இது. மேனேஜர் ரோஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டால் அது மாற்று ஆகாது, நீங்கள் தலையாட்டியிருக்க வேண்டும். மாற்றத்துக்கு நீங்கள் சம்மதிக்காதவரை போய் வேலை செய்தால் இரட்டைக் கூலிதான் கணக்கு. இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. வாரத்துக்குத் தொடர்ந்து 36 மணி நேர ஓய்வு உங்களுக்குச் சட்டப்படி எப்படியும் வர வேண்டியது. அந்த வார ஆஃபையே எடுத்து, "இதோ புனித வெள்ளிக்குப் பதில்" என்று நீட்டுவார்கள். உங்களுடையதையே உங்களுக்குத் தானம் செய்கிற கதை. ரோஸ்டரில் அந்த வாரம் வழக்கமான ஆஃப் போக இன்னொரு நாள் இருக்கிறதா, அதற்குச் சம்பளம் உண்டா, இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

தீபாவளிக் கேள்விக்கும் இதே வழிதான். நம் 12 பொது விடுமுறைகளில் தீபாவளி இல்லை. மொரீஷியஸில் தீபாவளியும் தைப்பூசமும் அரசு விடுமுறை, இங்கே எத்தனை முறை கேட்டாலும் காதில் விழுவதில்லை. குடும்பப் பொறுப்பு லீவு என்று மூன்று நாள் உண்டே என்பீர்கள், அது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு போன்றவற்றுக்கு, பண்டிகைக்குச் செல்லாது. ஆகவே ஆண்டு லீவில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டும். ஈஸ்டர் திங்கள்கிழமை வரும் குடும்ப தினத்தன்று நான் சாதாரணக் கூலிக்கு வேலை செய்கிறேன், பதிலுக்குத் தீபாவளியன்று சம்பளத்தோடு லீவு என்று இரண்டு தேதிகளையும் குறித்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பல கடைகள் சந்தோஷமாகச் சம்மதிக்கும், ஈஸ்டருக்குத்தான் அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை. புனித வெள்ளியை மட்டும் மாற்றக் கொடுக்காதீர்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் ஈஸ்டருக்குக் கிடைத்த லீவில்தான் நம் முன்னோர் மாரியம்மனுக்குக் கூடினார்கள் என்று சொல்வார்கள், இன்றும் ஐசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் அன்றைக்குத்தான் கூட்டம்.

சரி, அந்த 800 ராண்ட் ஆசாமி. சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்தில் புகார் கொடுக்க ஒரு சென்ட் கட்டணம் கிடையாது. படிவம் இலவசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதுவும் இலவசம். கூலி குறைத்துக் கொடுத்த புகாரையும் 2019-லிருந்து அங்கேயே கொடுக்கலாம். வேலையை விட்டு நிறுத்தினால் 30 நாளுக்குள் போய்விட வேண்டும், இதை மறக்காதீர்கள். இந்தக் "கன்சல்டன்ட்"கள் ஃபைல் திறக்க 500, போன் செலவு 200 என்று வாங்கி, 30 நாளை இழுத்தடித்துவிட்டு, கெடு தாண்டியதும் "மனு போடணும், இன்னும் 600" என்பார்கள். இப்படி ஒரு கூட்டம் பிழைக்கிறதென்றால் காரணம் அரசாங்கம்தான். தொழிலாளர் அலுவலகத்தில் காலை ஆறு மணிக்கே வரிசை, போனை எடுக்க ஆளில்லை, ஆய்வாளர் வருவார் வருவார் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெறுத்துப் போன மனிதர் வாசலில் நிற்கிறவனிடம்தானே பணத்தைக் கொடுப்பார்?

லேபர் புரோக்கர், அதாவது கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர், மூலம் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையைக் கேட்டால் புரோக்கரைக் கேள் என்பார்கள், புரோக்கரைக் கேட்டால் கடையைக் கேள் என்பார். விடுமுறைக் கூலி பாக்கிக்குச் சட்டப்படி இரண்டு பேரும் சேர்ந்தே பொறுப்பு, யார் மேல் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், இரண்டு பெயரையும் படிவத்தில் எழுதிவிடுவது நல்லது.

கடைசியாக மகள். அவளுக்கு வெள்ளி வேலை நாளே இல்லை, அதனால் வீட்டில் இருந்தால் கூலி வராது. இஷ்டப்பட்டுப் போனால் அவளுடைய ஒரு நாள் கூலி முழுதாக, அதற்கு மேல் அன்றைக்கு வேலை செய்த மணி நேரத்துக்கான கூலி, இரண்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குத்தானே கூப்பிட்டோம் என்று நான்கு மணி நேரக் காசு மட்டும் போட்டிருந்தால் பேஸ்லிப்பை எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.