வீக்கத்துக்கு ஆண் ஹார்மோன் மாத்திரையா?

கேள்வி: வயது 31. உதடு, கை, முகம் திடீரென்று வீங்கி இரண்டு மூன்று நாளில் வடிகிறது. அரிப்பு இல்லை. சில சமயம் கடுமையான வயிற்றுவலியும் வரும். அம்மாவுக்கும் இப்படித்தான். பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்று சொல்லி, தினமும் டானசோல் 200 மி.கி. எழுதியிருக்கிறார்கள். ஆண் ஹார்மோன் என்கிறார்களே, சாப்பிடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. டானசோல் ஆண் ஹார்மோன் போலச் செயல்படும் செயற்கை மருந்துதான். உங்கள் இரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் போதவில்லை. அதனால் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் பெருகி, நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. கல்லீரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகத் தயாரிக்க டானசோல் உதவுகிறது. வீக்கம் வராமல் இது தடுப்பது 1976-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது.

ஆனாலும் இன்று இது முதல் தேர்வு அல்ல. லனடெலுமாப், பெரோட்ரால்ஸ்டாட் போன்ற புதிய மருந்துகள் வந்துவிட்டன. அவை கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டானசோல் எடுக்கலாம், வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவில். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு 200 மி.கி.தான் உச்சவரம்பு.

கர்ப்பமாக இருந்தால் தொடவே கூடாது. பெண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் வேண்டாம், அது வீக்கத்தைத் தூண்டும். எடை கூடலாம், பரு, முகத்தில் முடி வரலாம், மாதவிடாய் தள்ளிப்போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகள் தேவை. அவ்வப்போது வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

டானசோல் குரலையும் கட்டையாக்கலாம், அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஒரே பத்தியைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் குரல் மெல்லக் கட்டையானால் அது மருந்தின் வேலை. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். விட்டுவிட்டால் பழைய குரல் திரும்பாமலே போகலாம். ஆனால் சில மணி நேரத்தில் குரல் கம்மி, எச்சில் விழுங்கவும் கஷ்டமானால் அது தொண்டை வீக்கம். உயிருக்கே ஆபத்து. ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் டானசோல் உதவாது. இது அலர்ஜி வீக்கம் இல்லை என்பதால் அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு, அட்ரினலின் எதையும் நம்ப முடியாது. சி1 இன்ஹிபிட்டர் ஊசி அல்லது இகாடிபண்ட் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பிளாஸ்மா ஏற்றுவார்கள். நோயின் பெயரையும் இதையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் ஒன்று இருக்கட்டும்.