வாங்கியபின் வந்த கேள்விகள்: காயாத ரெசின்

கேள்வி: மகளுக்குக் கல்யாணப் பரிசாகத் தேக்குப் பலகையில் ரெசின் (ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) கடிகாரம் செய்தேன். ஆன்லைனில் வாங்கிய டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தது. தராசில் 200 கிராம் ரெசின், 100 கிராம் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) நிறுத்துத்தான் கலந்தேன். நான்கு நாளாகியும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. "கலக்கியது உங்கள் தப்பு" என்கிறார் விற்றவர்.
- வாசகி, ஈரோடு

பதில்: தப்பு உங்களுடையது இல்லை அம்மா. அந்த 2:1 எடையிலா, கொள்ளளவிலா என்று டப்பாவில் போட்டிருக்கிறதா? நீங்கள் வாங்கியது போன்ற எபாக்சி வகை ரெசின் கனம், லிட்டருக்குச் சுமார் 1,100 கிராம். ஹார்டனர் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. அதனால் அளவுக் கோப்பையில் 2:1 ஊற்றினால் எடையில் 100 கிராம் ரெசினுக்கு 43, 45 கிராம் ஹார்டனர் என்றுதான் வரும். நீங்கள் 100-க்கு 50 வீதம் போட்டுவிட்டீர்கள். மிஞ்சிய ஹார்டனருக்குச் சேர ரெசின் கிடைக்காமல் உள்ளேயே பிசுபிசுத்துக் கிடக்கும். வெயிலில் வைத்தாலும் தேறாது.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. 'கிரிஸ்டல் கிளியர்', 'மஞ்சளாகாது' என்று அட்டை முழுக்கத் தங்க எழுத்தில் அச்சடிக்கிறார்கள். 'எடையில்' அல்லது 'கொள்ளளவில்' என்ற ஒரே ஒரு சொல்லுக்கு இடமில்லையாம்! என் அலமாரியில் ஒரு செட் கிடக்கிறது. அதில் விகிதமே கிடையாது, கியூஆர் கோடு மட்டும்தான். ஸ்கேன் செய்தால் பக்கமே இல்லை. காசு போனதுதான் மிச்சம்.

விற்றவரிடம் அந்தப் பொருளின் தொழில்நுட்பத் தாளைக் கேளுங்கள். 'கொள்ளளவில் 2:1' என்று அதில் இருந்துவிட்டால் ஆள் மாட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராததால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும்; வீணான தேக்குப் பலகையும் சேதம்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

கடிகாரத்தைக் காப்பாற்றலாம். இளகியதையெல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டி, அசிட்டோன் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுவிட்டுச் சரியான கலவையை மேலே ஊற்றுங்கள்.

கேள்வி: சீக்கிரம் காய, ஹார்டனரைத் தாராளமாக ஊற்றச் சொல்கிறார் எங்கள் தச்சர்.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. அவர் பழகியது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றுவது சதவீதக் கணக்கில் சில சொட்டு வினையூக்கி. கூட்டினால் வேகமாக இறுகும். எபாக்சியில் அந்த வித்தை பலிக்காது.

கேள்வி: முக்கால் கிலோ கலந்து வைத்துவிட்டு, போன் வந்ததால் பேசிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் டப்பா உருகி, புகை வந்தது. போலிச் சரக்கா?
- வாசகர், வேலூர்

பதில்: சரக்கு நல்ல சரக்கு. மே மாதத்து மதியத்தில், ஆழமான டப்பாவில் அத்தனையையும் கலந்தால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். டப்பாவில் போட்டிருக்கும் 'பாட் லைஃப்' (கலந்தபின் ஊற்றக் கிடைக்கும் நேரம்) சாதாரண வெப்பநிலையில், குறிப்பிட்ட அளவுக்குச் சொன்னது. கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றியிருக்க வேண்டும். போனை அப்புறம் எடுத்திருக்கலாமே!

கேள்வி: முழுக்கக் கல்லாக இறுகிவிட்டது, ஆனால் அங்கங்கே திட்டுத் திட்டாக ஈரம்.
- வாசகி, மதுரை

பதில்: கடைசிச் சொட்டுவரை வடியட்டும் என்று கப்பைக் கவிழ்த்து வைத்தீர்களா? கப்பின் சுவரில் ஒட்டியிருப்பது கலக்காத ரெசின். மூன்று நான்கு நிமிடம் நிதானமாக, நுரை கிளப்பாமல், ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பிறகு இன்னொரு கப்புக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். வடிப்பது வேண்டாம்.

கேள்வி: காதணிக்கு 15 கிராம்தான் தேவை. சமையலறைத் தராசு போதுமா?
- வாசகி, கோவை

பதில்: போதாது. ஐந்து கிராம் ஹார்டனரில் ஒரு கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். வாங்கும்போது அது தானாக எத்தனை நொடியில் அணைகிறது என்று பாருங்கள். நான் மலிவாக வாங்கியது, ரெசினை ஊற்றிவிட்டு ஹார்டனர் மூடியைத் திறப்பதற்குள் அணைந்துவிடும். மறுபடி போட்டால் கப்போடு சேர்த்துப் பூஜ்யம் காட்டும்.

கேள்வி: மழை நாளில் ஊற்றினேன். மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் படலம்.
- வாசகர், ஊட்டி

பதில்: ஈரக்காற்றோடு ஹார்டனர் செய்த வேலை. நன்றாக இறுகியபின் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், போய்விடும். கழுவாமல் அடுத்த பூச்சு அடித்தால் உரிந்து வரும்.

கேள்வி: லேபிள் இல்லாத சோடா பாட்டிலில், பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கினேன். என்ன விகிதம்?
- வாசகர், சென்னை

பதில்: விற்றவரைக் கேளுங்கள், இன்னும் அங்கேயே இருந்தால்.