விர்ச்சுவல்பாக்ஸ் 192.168.33.10-ஐ ஏற்க மறுக்கிறது. விஎம்களுக்கு எந்த ஐபி வரம்பு கொடுக்கலாம்?

கேள்வி: உபுண்டு லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்து மூன்று விஎம் (விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் ஓடும் கணினி) ஓட்டுகிறேன். வேக்ரன்ட் என்ற, விஎம்களைக் கோப்பு எழுதி உருவாக்கும் கருவியின் பழைய கோப்பில் 192.168.33.10 என்று இருக்கிறது. முன்பு ஓடியது, இப்போது இந்த ஐபி அனுமதிக்கப்பட்ட வரம்பில் இல்லை என்று நின்றுவிடுகிறது. எந்த வரம்பு வைப்பது, எப்படி வைப்பது?

பதில்:

உங்கள் கோப்பில் தவறு இல்லை, விதிதான் மாறிவிட்டது. 2021 அக்டோபரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 முதல், லினக்ஸ், மேக், சோலாரிஸ் மூன்றிலும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்குக்கு (லேப்டாப்பும் விஎம்களும் மட்டும் பேசிக்கொள்வது) 192.168.56.0/21-க்குள் மட்டுமே ஐபி கொடுக்க விடுகிறது. விண்டோஸில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் அதே கோப்பு விண்டோஸ் வைத்திருக்கும் சக ஊழியரிடம் சிக்கலில்லாமல் ஓடும்.

/21 என்றால் 192.168.56.0 முதல் 192.168.63.255 வரை. /24 ஆக, அதாவது 256 ஐபி கொண்ட துண்டுகளாகப் பிரித்தால் எட்டு சப்நெட் கிடைக்கும். மூன்று விஎம்முக்கு இது தாராளம். ஆகவே என் பரிந்துரை எளிது: 192.168.33.10-ஐ 192.168.56.10 ஆக்குங்கள், மற்ற இரண்டுக்கும் 56.11, 56.12 கொடுங்கள், வேக்ரன்ட்டில் மறுபடி "அப்" போடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

பிழைச் செய்தியில் "ஆக்சஸ் டினைட்" என்று வருவதைப் பார்த்துப் பலர் சூடோ போட்டு (ரூட் எனும் நிர்வாகி உரிமையில்) ஓட்டுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் தனி விஎம் பட்டியல் வைத்திருக்கிறது. சூடோவில் ஓட்டினால் ரூட் பயனரின் காலிப் பட்டியல்தான் திறக்கும். அங்கே உருவாகும் விஎம் உங்கள் கணக்கில் தெரியாது. வரம்புப் பிரச்சினை அப்படியே இருக்கும், கோப்பு உரிமைச் சிக்கல் கூடுதலாகச் சேரும்.

33 என்ற சப்நெட்டைத்தான் வைத்தாக வேண்டும் என்றால் (விஎம்முக்குள் இருக்கும் மென்பொருளில் அந்த ஐபி ஊறிப்போயிருந்தால்) அதற்கும் வழி உண்டு. ஈடிசி கோப்புறைக்குள் விபாக்ஸ் என்ற கோப்புறை, அதற்குள் நெட்வொர்க்ஸ்.கான்ஃப் என்ற கோப்பு. இரண்டும் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள். அதில் ஒரே ஒரு வரி:

* 192.168.56.0/21 192.168.33.0/24

முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறி அலங்காரம் அல்ல. அது இல்லாத வரியை விர்ச்சுவல்பாக்ஸ் கணக்கில் எடுக்காது. "கோப்பை மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று கேட்பவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, கோப்பை எல்லாப் பயனரும் படிக்க முடிகிறதா என்பது. இணையத்தில் பல இடங்களில் * 0.0.0.0/0 ::/0 என்று எழுதி எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் வேண்டாம். தட்டச்சுப் பிழையில் வீட்டு ரூட்டரின் வரம்பையே கொடுத்தாலும் பிறகு தடுக்க ஒன்றும் இருக்காது.

உண்மையான தொல்லை வருவது வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான். அதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. விஎம் ஓடும், பிங் மட்டும் போகாது. அல்லது விபிஎன் போட்டதும் அலுவலக சர்வர்களில் சில மட்டும் காணாமல் போகும். காரணம், எந்த ஐபிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையில் அதிகக் குறிப்பான (சிறிய வரம்புள்ள) வழிதான் வெல்லும். விபிஎன் 10.0.0.0/8 முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்க, உங்கள் விஎம்களுக்கு 10.20.30.0/24 கொடுத்தால், அலுவலகத்தில் 10.20.30-இல் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டிய பாக்கெட் உங்கள் லேப்டாப்பைத் தாண்டவே தாண்டாது.

ஆகவே வரம்பைத் தேர்ந்தெடுக்கும் முன், விபிஎன்னைப் போட்டுவிட்டு, அந்த அட்டவணையைக் காட்டும் "ஐபி ரூட்" கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீட்டு ரூட்டர் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1. கேவிஎம் (லினக்ஸின் சொந்த விஎம் வசதி) நிறுவியிருந்தால், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் 192.168.122.0/24-ஐ எடுத்திருக்கும். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் 172.17.0.0/16-இல் தொடங்கி 172.18, 172.19 என்று மேலே போகும், எனவே 172-இல் விஎம் வைக்க வேண்டாம். டாக்கர் கம்போஸ் திட்டங்கள் நிறைய இருந்து 172 பக்கம் தீர்ந்துவிட்டால், அது 192.168-இல் /20 துண்டுகளாக எடுக்க ஆரம்பிக்கும். அதில் 192.168.48.0/20 என்ற துண்டு 48 முதல் 63 வரை, அதாவது விர்ச்சுவல்பாக்ஸின் முழு இடத்தையும் விழுங்கிவிடும். விஎம் எதுவும் ஓடாத நேரத்தில் விர்ச்சுவல்பாக்ஸின் வழி அட்டவணையில் இருக்காது என்பதால், அந்த இடம் எடுக்கப்பட்டது என்று டாக்கருக்கும் தெரியாது.

சந்தேகம் வந்தால் "ஐபி ரூட் கெட் 192.168.56.10" என்று கேளுங்கள். பதிலில் விபாக்ஸ்நெட்0 (விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி கார்டு) என்று வந்தால் பாக்கெட் சரியான வாசலில்தான் போகிறது. வைஃபை கார்டின் பெயரோ, "பிஆர்" என்று தொடங்கும் டாக்கர் பிரிட்ஜோ வந்தால் மோதல் அங்கேதான்.

56.0/24-க்குள் எந்த எண்? 56.1 உங்கள் லேப்டாப். இயல்பு அமைப்பில் 56.100 டிஎச்சிபி சர்வர் (ஐபியைத் தானாகக் கொடுப்பது), 101 முதல் 254 வரை அது பகிர்ந்து கொடுக்கும் பகுதி. நிலையான ஐபி கொடுப்பதென்றால் 2 முதல் 99-க்குள் வையுங்கள்.

வேக்ரன்ட் இல்லாமல் கையால் நிறுவிய விஎம் என்றால், முதல் கார்டு நாட் (லேப்டாப் வழியாக இணையத்துக்குப் போவது), இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி என்று வைத்து, உள்ளே உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பில் இரண்டாவது கார்டுக்கு 192.168.56.10/24 என்று எழுதுங்கள். அந்தக் கார்டுக்கு கேட்வே (வெளியே போகும் வாசலின் ஐபி) எழுதக் கூடாது. எழுதினால் வெளியே போக இரண்டு இயல்பு வழிகள் உண்டாகி, ஹோஸ்ட்-ஒன்லி பக்கம் போகும் பாக்கெட் இணையத்தை அடையாது. "ஆப்ட் அப்டேட்" தொங்கி நிற்கும். கோப்பில் டேப் விசை ஆகாது, ஸ்பேஸ் மட்டும்தான். சேமித்ததும் "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

ஒரு விஎம்மை குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து) மற்ற இரண்டையும் உருவாக்கினால் இன்னொரு கண்ணி இருக்கிறது. நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் புதிதாக்கியும், டிஎச்சிபியில் இரண்டு விஎம் ஒரே ஐபி வாங்கும். உபுண்டு சர்வர் டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்வது மேக் முகவரியால் அல்ல, ஈடிசியில் உள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாகும் எண்ணால். குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடுகிறது. குளோனுக்குள் போய் அதைக் காலியாக்கி (அழித்துவிடாமல்) மறுதொடக்கம் செய்தால் புதிய எண் உருவாகும்.

கடைசியாக, நாட் கார்டில் மூன்று விஎம்முமே 10.0.2.15 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட், ஒன்றை ஒன்று பார்க்காது. ஆனால் அலுவலகத்தில் 10.0.2 என்று தொடங்கும் சர்வர் இருந்தால் லேப்டாப்பிலிருந்து போகும், விஎம்முக்குள்ளிருந்து போகாது. அப்போது விஎம்மை அணைத்துவிட்டு, விபாக்ஸ்மேனேஜின் மாடிஃபைவிஎம் கட்டளையில் நாட்நெட்1 என்ற தெரிவுக்கு 10.99.0.0/24 போல அட்டவணையில் இல்லாத ஒரு வரம்பைக் கொடுங்கள். இது விஎம்முக்கு ஒருமுறை, மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.