பிள்ளைகளுக்கும் பார்வை போகுமா?

தம்பி, அம்மாவின் தம்பிக்கு லீபர் நோயால் (பார்வை நரம்பைத் தாக்கும் பரம்பரை நோய்) இளவயதிலேயே பார்வை போனது, உங்களுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்கும் வருமோ என்று கேட்டிருந்தீர்கள். களுவாஞ்சிக்குடிக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. நம்மூர்க் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில்தானே வருகிறது? இந்த நோய்க்குக் காரணம் மைற்றோகொண்ட்ரியாவின், அதாவது உயிரணுவுக்குச் சக்தி தரும் சிற்றுறுப்பின், டிஎன்ஏயில் உள்ள ஒரு பிழை. அந்த டிஎன்ஏயும் அப்படித்தான், அதன் 37 மரபணுக்களும் தாயின் முட்டையிலிருந்தே. விந்தில் உள்ள மைற்றோகொண்ட்ரியாக்கள் கருவில் அழிந்துவிடும். ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து வராது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று: அந்தப் பிழை அம்மா வழியாக உங்களிடமும் அக்காவிடமும் அநேகமாக இருக்கும். இருப்பவர் எல்லோருக்கும் பார்வை போவதில்லை, ஆனாலும் ஆண்களுக்கே அதிகம் போகிறது. சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள், சாராயமும்தான். கண் வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் மரபணுப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அக்காவையும் கூட்டிப் போங்கள், அவவின் பிள்ளைகளுக்குத்தான் இது கடக்கும்.