21-வது பிரிவு: 1950-ல் ஒன்று, 1978-ல் ஒன்று

கேள்வி: அரசியல் சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்றுதானே? சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் மட்டும் காலத்துக்கொரு அர்த்தம் சொல்கிறார்களே, எப்படி?

பதில்: 21-வது பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. தடுப்புக் காவலில், அதாவது குற்றம் செய்துவிடக்கூடும் என்று விசாரணையில்லாமல் அடைத்துவைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-ல் சென்னை அரசுக்கு எதிராக வழக்குப் போட்டபோது, நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதன்படி பிடித்தால் சரி, அந்தச் சட்டம் நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை என்கிற ரீதியில் பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்துவிட்டார்கள். அவர்களோடு வழக்கை விசாரித்த நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம்கூடச் சொல்லாமல் அரசு முடக்கியது. 1978-ல் அதே பிரிவைப் படித்த நீதிபதிகள், நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்கவேண்டும், சமத்துவத்தைச் சொல்லும் 14, பேச்சு போன்ற சுதந்திரங்களைச் சொல்லும் 19, இந்த 21 மூன்று பிரிவுகளையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்றார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில், உரிமைகளை முடக்கிய நெருக்கடி நிலை வந்து போயிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு இந்தத் தீர்ப்பைப் படிக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2017-ல் அந்தரங்க உரிமையும் இதே பிரிவுக்குள் வந்தது, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக.

இப்படியே போனால் நீதிபதிகள் இஷ்டத்துக்கு எழுதமாட்டார்களா என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் எனக்கு கோபாலன் தீர்ப்பைப் படித்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.