கேள்வி – பதில்: அவைக்கு ஏற்ற பேச்சு

கேள்வி: எங்கள் ஊரில் பெயர் பெற்ற பேச்சாளர் ஒருவர், கோயில் விழாவில் ஒரு விதமாகவும் கல்லூரி விழாவில் வேறு விதமாகவும் பேசுகிறார். கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சை மாற்றுவது இரட்டை நாக்கு ஆகாதா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: விவேகானந்தர் 1893 செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பேசியதையும், 1897 தொடக்கத்தில் பாம்பனில் இறங்கிச் சென்னை வரை வழிநெடுகப் பேசியதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் உங்கள் ஐயம் இன்னும் வலுக்கும். செப்டம்பர் 19 அன்று இந்து சமயம் பற்றி அவர் வாசித்த கட்டுரையில், உருவ வழிபாட்டை இழிவாகக் கருதிப் பழகிய அயலாருக்கு, கோயிலில் நின்று காதுகொடுத்துக் கேட்டால் பக்தர்கள் அந்த உருவத்தின் மேல் இறைவனின் பண்புகளையெல்லாம் ஏற்றித் துதிப்பது விளங்கும் என்று பொறுமையாக எடுத்துரைத்தார். அதே மனிதர் மானாமதுரை வரவேற்பில், நம் சமயம் சமையலறைக்குள் போய்விட்டது, சோற்றுப் பானையே நமக்குக் கடவுள், ‘என்னைத் தொடாதே’ என்பதே நமக்கு மதம் என்று சொந்த மக்களின் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு இடத்திலும் அவர் பேசியது ஆங்கிலத்தில்தான் என்பதால், மொழி மாறியதால் பொருளும் மாறிற்று என்று சமாதானம் சொல்ல வழியில்லை.

ஆயினும் இதை நான் இரட்டை நாக்கு என்று கொள்ளமாட்டேன். மானாமதுரையில் சொன்ன பானைப் பேச்சைச் சிகாகோவில் சொல்லியிருந்தால் அங்கே கைதட்டல் கூடியிருக்கும். மேல்நாட்டுப் பாதிரிமாரைக் குறைகூறுவதோடு மானாமதுரையில் நிறுத்தியிருந்தால் இங்கும் அப்படியே. அவரோ எந்த அவைக்கு எது கசக்குமோ அதை அந்த அவையிலேயே வைத்தார். செப்டம்பர் 20 அன்று, ஆன்மாவைக் காக்க ஆள் அனுப்பும் நீங்கள் பட்டினியால் சாகும் உடலைக் காக்க ஏன் முயல்வதில்லை என்று கிறிஸ்தவர் நிறைந்த சபையைக் கேட்டார். சமயம் இந்தியாவில் போதிய அளவு இருக்கிறது, பசித்தவனுக்குத் தத்துவம் கற்பிப்பது அவனை அவமதிப்பதாகும் என்றார். சென்னையில் நம் தேச வாழ்வின் ஆதார சுருதி சமயமே என்று பேசியபோதும் பசியை அவர் மறக்கவில்லை. கோடிக்கணக்கானோர் பட்டினி கிடப்பதை நீங்கள் நெஞ்சார உணர்கிறீர்களா என்று எதிரே இருந்தவர்களைக் கேட்டார். இரண்டு ஊர்ப் பேச்சுக்கும் அடியில் ஓடியது ஒரே வேதனைதான்.

உங்கள் ஊர்ப் பேச்சாளரையும் இப்படியே கவனியுங்கள். கோயிலில் கூடியவர்களைப் பற்றிய குறையைக் கல்லூரியிலும், கல்லூரியைப் பற்றிய குறையைக் கோயிலிலும் மட்டுமே அவர் சொல்கிறார் என்றால், உங்கள் ஐயம் நியாயமானதே.

கேள்வி: எழுதித் தயாரித்த உரை, கூட்டத்தைக் கண்டதும் பொருந்தாது என்று தோன்றினால் என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தயங்காமல் சுருக்கிக்கொள்ளுங்கள். சென்னை வரவேற்பில் மக்கள் வெள்ளம் மண்டபத்தில் அடங்காமல் போகவே, விவேகானந்தர் வெளியே வந்து ஒரு வண்டியின் மேல் நின்று பேசினார். ஆங்கிலேய முறைப்படி நடத்த எண்ணினோம், கீதை முறைப்படி தேரிலிருந்து பேசும்படி ஆண்டவன் செய்துவிட்டான் என்று தொடங்கினார். அந்த இரைச்சலில் நீண்ட பேச்சு எடுபடாது என்று கண்டு, இந்த உற்சாகத்தை அணையவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு சில நிமிடங்களில் முடித்தார். விரிவாகச் சொல்ல வேண்டியதை அடுத்த நாட்களின் சொற்பொழிவுகளுக்கு வைத்துக்கொண்டார்.